யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது

மலேசியாவில் வயது வந்த ஆண்களில் 40.5 விழுக்காட்டினர் புகைத்தார்கள், பெண்களில் 1.2 விழுக்காட்டினர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின் கணக்கு இது. முதல் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் பீடோங் டவுனில் காலையில் ஒரு சுற்றுப் போய் வந்தாலே அது தெரிந்துவிடும். இரண்டாவது எண்தான் இடிக்கிறது. எங்கள் கடையின் பின்படிக்கட்டைத் தினமும் கூட்டுகிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

பீடோங் தெரியாதவர்களுக்கு: கெடாவில், சுங்கைப்பட்டாணிக்கும் குரூணுக்கும் நடுவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜெராய் மலை தெரிகிற ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம் என்னும் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்துச் சம்பள நாளை நம்பி இருந்த டவுன், பக்கத்துச் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வந்த பிறகு மாணவர்களையும் நம்பிப் பிழைக்கப் பழகிக்கொண்டது. அப்பாவின் புத்தகக் கடை போட்டோஸ்டாட், பைண்டிங் கடையாக மாறியது அப்படித்தான். வெளியூர் யூனிகளில் படிக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் லீவுக்கு வரும்போது ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். நான் படித்தது உளவியல். "அந்தப் படிப்புக்கு இந்தக் கடையில என்ன வேலை?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. வேலை இருக்கிறது. பைண்ட் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் படித்துவிடுவேன்.

"பல்கலைக்கழக மாணவர்களிடையே புகைப்பழக்கம்: உளவியல், பாலினக் காரணிகள்." இந்தத் தலைப்பு, வார்த்தைகள் கொஞ்சம் முன்பின்னாக, ஏறக்குறைய ஒவ்வொரு செமஸ்டரும் வந்துவிடும். கேள்வித்தாளும் எனக்கு மனப்பாடம். முதலில் வயது, பால், பெற்றோர் வருமானம். அப்புறம் டாஸ்-21 என்னும் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் அளக்கும் 21 வரிகள். அதற்கடுத்து, பழக்கம் ஆளை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அளக்கும் ஃபாகர்ஸ்ட்ரோம் சோதனை: காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறீர்கள்? காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் புகைக்கிறீர்களா? விட முடியாத சிகரெட் எது? எனக்கு இந்தச் சோதனை பிடிக்கும். 'நான் நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்' என்று சொல்லும் ஆளைக்கூட, 'எழுந்து ஐந்து நிமிடத்துக்குள்' என்ற கட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வாயில் இருக்கிறது: நீங்கள் புகைப்பவரா? ஆம், இல்லை. 'இல்லை' என்று டிக் செய்தால் மீதிப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடலாம்.

பல பேர் அந்தத் தாளை என் கவுண்டரிலேயே வைத்து நிரப்புவார்கள், கூட்டாளிகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ இழுக்கும் பையன், அதுவும் அடுத்தவன் வாங்கியதில் இழுப்பவன், பேனாவை அழுத்தி 'ஆம்' போடுவான். "எத்தனை குச்சின்னு போட மச்சான்?" என்று சத்தமாகக் கேட்பான். பக்கத்திலேயே ஒரு பெண் பிள்ளை இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதும். அந்தப் பிள்ளை எந்தக் கட்டத்தில் டிக் செய்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் கை மறைக்கிறது. ஆண்கள் கொஞ்சம் கூட்டியும் பெண்கள் நிறையக் குறைத்தும் சொல்லும் தாள்களைச் சேர்த்து, கணினியில் போட்டு, 'பாலினத்துக்கும் புகைப்பழக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு உள்ளது' என்று நான்காம் அத்தியாயம் முடியும். தொடர்பு இருக்கிறதுதான். அது எதற்கும் எதற்கும் இடையிலான தொடர்பு என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தைக் கொரியாவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நிக்கோட்டின் உடம்பில் சிதையும்போது கோட்டினின் என்ற பொருளாக மாறும். சிறுநீரில் அதை அளந்தால் ஆள் புகைத்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும். தென்கொரியாவின் தேசிய ஆய்வில் வாயால் சொன்னதையும் சிறுநீர் சொன்னதையும் ஒப்பிட்டபோது ஆண்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. பெண்களிடம் உண்மைக் கணக்கு, சொன்ன கணக்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கொரியப் பெண் வேறு, தோட்டத்துத் தமிழ்ப் பெண் வேறு. ஆனாலும் ஒரு பெண் புகைத்தால் ஊர் என்ன பேசும் என்பதில் இரண்டு ஊருக்கும் அவ்வளவு தூரம் இருப்பதாகத் தெரியவில்லை.

'நம்ம பொம்பளைங்களுக்குப் புகையிலையே தெரியாது, இதெல்லாம் யூனிக்குப் போய்க் கற்றுக்கொள்வது' என்பார்கள் மாமாக் சாப்பாட்டுக் கடையில். அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்துப் பாட்டிகள் யாருமே சுருக்குப்பை இல்லாமல் பால்மரம் வெட்டப் போனதில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கடைசியாக ஒரு கிள்ளுப் புகையிலை. விடியலுக்கு முன் இருட்டில் நெற்றி விளக்கோடு போய், பால் எடுக்கும் நேரம் வரை பசியையும் தூக்கத்தையும் கொசுவையும் தாங்க வேண்டும். ஆண்கள் பீடியோ சுருட்டோ பற்ற வைத்தார்கள், பெண்கள் வாயில் அடக்கிக்கொண்டார்கள். உள்ளே போனது ஒரே நிக்கோட்டின். யாரும் அந்தப் பெண்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கல்யாண வீட்டில் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். அந்தப் பெண்கள் அதற்கு விலையும் கொடுத்தார்கள். இந்த நாட்டில் வாய்ப்புற்றுநோய் அதிகம் காணப்படுவது இந்தியப் பெண்களிடம்தான் என்று மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். எங்கள் லயத்திலேயே ஒரு பாட்டி கன்னத்தில் துணி வைத்துக் கட்டிக்கொண்டுதான் கடைசிக் காலத்தைக் கழித்தார்.

ஆக, பெண்ணுக்கு மறுக்கப்பட்டது புகையிலை அல்ல, புகைதான். புகை தூரத்திலிருந்தே தெரியும். ஆண் மாதிரி நிற்க வைக்கும், இரண்டு விரலை நீட்ட வைக்கும், நாலு பேர் நடுவில் சும்மா நிற்பதற்கு ஒரு காரணம் கொடுக்கும். டவுனில் சும்மா நிற்கும் உரிமை எங்கள் ஊரில் ஆண்களுக்கு மட்டுமே இருந்தது.

(இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1946-47இல் எங்கள் ஹார்வர்ட் தோட்டத்தில்தான் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்து, பீடோங்கில் போலீஸோடு மோதல் வரை போனது. இவ்வளவு பெரிய போராட்டம் கண்ட ஊரில் புகையிலையை எதிர்த்து ஒரு தட்டி பிடித்ததாகக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. கள் குடித்தவன் மறுநாள் வேலைக்கு வராமல் போகலாம், வீட்டில் அடிக்கலாம். பீடி குடித்தவன் நேரத்துக்கு வந்தான். அதனால் அது யாருக்கும் எதிரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.)

இப்போது பையன்களிடம் வருகிறேன். எங்கள் வரிசைக் கடைகளின் ஓரத்தில், சாப்பாட்டுக் கடையிலிருந்து சட்டம் சொல்லும் மூன்று மீட்டர் தள்ளி, ஒரு மின்கம்பம் உண்டு. 2019 ஜனவரி முதல் உணவகங்களில் புகைக்கத் தடை வந்தபோது மேசையில் உட்கார்ந்திருந்த கூட்டம் அந்தக் கம்பத்தடிக்கு நகர்ந்தது. அங்கே நிற்கிற பையன்களில் பாதிப் பேர், வீட்டிலிருந்து முதன்முதலாக யூனிக்குப் போனவர்கள். அப்பா லாரி ஓட்டுவார், அல்லது செம்பனைக் குலை வெட்டுவார், அல்லது பினாங்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட். ஃபெயிலானால் பையனோடு சேர்ந்து பிடிபிடிஎன் படிப்புக் கடனும் வீட்டுக்கு வரும். அந்தப் பயத்தை எந்தப் பையனும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருநாள் ஒருத்தன் மேசைமேல் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். ரிசல்ட் வந்த நாள். கூட்டாளி வந்தான், எதுவும் கேட்கவில்லை. "வாடா, ஒரு தம் போட்டுட்டு வரலாம்" என்றான். இரண்டு பேரும் கம்பத்தடிக்குப் போனார்கள்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் 'என்ன ஆச்சு', 'நான் இருக்கேன்', 'அழுறதுன்னா அழு, யாரும் பார்க்கல' எல்லாம் அடக்கம். பையனுக்கு ஊத அனுமதி உண்டு, அழ அனுமதி இல்லை. பெண் பிள்ளைக்கு அழ அனுமதி உண்டு, ஊத அனுமதி இல்லை. கேள்வித்தாளில் 'சக நண்பர்களின் தாக்கம்' என்று ஒரே வரியில் போட்டுவிடுவது இதைத்தான். யாரோ கெட்ட பையன் கட்டாயப்படுத்திக் கற்றுக்கொடுக்கிறான் என்று நினைக்கும் பெற்றோர் பலர். எனக்குத் தெரிந்து கட்டாயப்படுத்தி ஆரம்பித்தவர்களைவிட, தனியாக நிற்கப் பிடிக்காமல் ஆரம்பித்தவர்களே அதிகம். புது ஊர், புது ஹாஸ்டல், மலாயும் ஆங்கிலமும் கலந்து பறக்கும் விரிவுரை. லைட்டர் இருக்கிறதா என்று கேட்டால் பேச ஒரு ஆள் கிடைக்கும்.

கேட்டால் 'ஸ்ட்ரெஸ்' என்பார்கள். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. உள்ளே இழுத்த சில நொடிகளில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்ச் சேர்ந்து, இதமான உணர்வைத் தரும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்க வைக்கும். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பழகிப்போன மூளை அப்போது தவிக்கும்: எரிச்சல், படபடப்பு, எதிலும் மனம் ஒட்டாமை. இரண்டு மணி நேரம் என்பது ஒரு லெக்சரின் நீளம். பரீட்சைக்குப் படிக்கும்போது வருவதும் இதே எரிச்சல், இதே படபடப்புதான். எது பரீட்சையால் வந்தது, எது நிக்கோட்டின் இறங்கியதால் வந்தது என்று பையனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒன்று பற்ற வைக்கிறான், அடங்குகிறது. 'பார்த்தீங்களா, ஸ்ட்ரெஸ் போயிருச்சு' என்கிறான். ஆலோங் என்னும் கந்துவட்டிக்காரனிடம் வாங்கிய கடனுக்கு அதே ஆலோங்கிடம் இன்னொரு கடன் வாங்கி வட்டி கட்டுவது போலத்தான் இது.

ஆண்டி பாரட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரை இதைத்தான் கேட்டது: புகைப்பது மன அழுத்தத்தைப் போக்குகிறதா, உண்டாக்குகிறதா? உண்டாக்குகிறது என்பது அவர் முடிவு. 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புகைப்பதை விட்டவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும், விடாதவர்களோடு ஒப்பிடும்போது குறைந்திருந்தன. அதற்காக மனச்சோர்வே காரணமில்லை என்று ஆகிவிடாது. ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பிள்ளைகள் அதிகம் பற்ற வைக்கிறார்கள் என்பதும் உண்மைதான். கதவு இரண்டு பக்கமும் திறக்கிறது. ஆய்வேடுகளில் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

சரி, பின்படிக்கட்டு.

அங்கே சிகரெட் துண்டு குறைவு. கிடைப்பதெல்லாம் வேப் என்னும் மின்சிகரெட்டின் காலி பாட், பிளாஸ்டிக் மூடி, சில சமயம் மாம்பழ வாசனை. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, கடைசி வருஷம் படிக்கிறாள், ஒரு மத்தியானம் அங்கே உட்கார்ந்திருந்தபோது என்னைப் பார்த்ததும் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க வீட்டுல சொல்லிறாதீங்க."

"நான் ஏன்டா சொல்லப் போறேன். எப்ப இருந்து?"

"ரெண்டாவது வருஷம். ஆனா நான் ஸ்மோக் பண்ண மாட்டேன் அக்கா. சிகரெட்லாம் தொட்டதே இல்ல. இது வேற."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் சிகரெட் என்பது ஆண்கள் பிடிப்பது, நாறுவது, விரல் கறுப்பது. இது பர்ஸில் லிப்ஸ்டிக்குக்குப் பக்கத்தில் கிடப்பது. 'நீங்கள் புகைப்பவரா' என்ற கேள்விக்கு மனசாட்சியோடு 'இல்லை' போடுவாள். வேப் பற்றித் தனியாகக் கேட்காத எந்தத் தாளிலும் அவள் இருக்க மாட்டாள்.

நாடு முழுக்க இது நடக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. 13 முதல் 17 வயது மாணவர்களிடம் 2017இலும் 2022இலும் எடுத்த தேசிய ஆய்வுகளில், சிகரெட் 13.8 விழுக்காட்டிலிருந்து 6.2ஆக இறங்கியது, வேப் 9.8இலிருந்து 14.9ஆக ஏறியது. 2022இல் வேப் பிடித்த பெண் பிள்ளைகள் மட்டும் 6.2 விழுக்காடு. வயது வந்த பெண்களின் 1.2ஐ நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள்தான் இன்று யூனியில் இருப்பவர்கள். இந்த எண் திடீரென்று ஏறியதற்குப் பெண்கள் மாறிவிட்டார்கள் என்று காரணம் சொல்வார்கள். மாறியது கருவி என்பேன் நான். நாற்றமில்லை, சாம்பலில்லை, உள்ளங்கைக்குள் அடங்கும். ஊரின் கண்ணில் படாது. எங்கள் பாட்டியின் சுருக்குப்பை திரும்பி வந்திருக்கிறது, யூஎஸ்பி சார்ஜரோடு.

கம்பெனிகளுக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும். 1929இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட் பற்ற வைத்து நடக்கச் சொல்லி, அதைச் 'சுதந்திரத்தின் தீப்பந்தம்' என்று பத்திரிகைகளில் வர வைத்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற மக்கள் தொடர்பு ஆலோசகர். பின்னால் இருந்தது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. ஒல்லியாக இருக்கலாம் என்ற ஆசையையும் சேர்த்து விற்றார்கள். இப்போது விளையாட்டுப் பொருள் மாதிரி டப்பா. விட்டால் உடம்பு போடும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. சராசரியாக முதல் வருஷத்தில் நாலைந்து கிலோ கூடுவது உண்மையும்கூட. ஆனால் அந்த எடை, நிக்கோட்டின் செய்யும் கெடுதலுக்கு ஈடாகாது என்று சொல்லிப் பாருங்கள், இருபத்திரண்டு வயதில், கல்யாணப் பேச்சு தொடங்கியிருக்கும் வீட்டில்.

உடம்பிலும் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. பெண் உடம்பு நிக்கோட்டினை வேகமாகச் சிதைக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதற்கு ஒரு காரணம். கென்னத் பெர்கின்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களிலிருந்து காட்டியது, ஆண்கள் அதிகமாக நிக்கோட்டின் அளவுக்கே கட்டுப்படுகிறார்கள், பெண்களை மனநிலையும் சூழலும் கையில் பிடித்திருக்கும் பழக்கமும் அதிகம் இழுக்கின்றன என்று. புகைப்பதை விடுவதற்காகத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை பெண்களுக்குக் கொஞ்சம் குறைவாகவே உதவுகிறது என்று சில ஆய்வுகள் சொல்வது இதோடு பொருந்துகிறது. ஆனால் 40.5க்கும் 1.2க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை ஈஸ்ட்ரோஜனால் நிரப்ப முடியாது. ஐரோப்பாவில் சில நாடுகளில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாகவே புகைக்கிறார்கள். அங்கேயும் அதே ஹார்மோன்தான்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. 2007ஆம் ஆண்டு முதல் பிறந்தவர்களுக்கு விற்கவே கூடாது என்று வந்த யோசனை 2023 நவம்பரில் மசோதாவிலிருந்து கழற்றப்பட்டது. அதே வருஷம் மார்ச் இறுதியில் வேப் நிக்கோட்டின் திரவத்தை விஷப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்து வரி போட்டார்கள். புதிய சட்டம் 2024 அக்டோபர் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. இடையில் ஒன்றரை வருஷம், பள்ளிப் பிள்ளைக்கு அதை விற்பதைத் தடுக்கச் சட்டமே இல்லை. படிக்கட்டில் பிள்ளைகள் இரண்டாம் வருஷத்தில் தொடங்கியது எப்படி என்று கேட்பவர்கள் இந்தத் தேதிகளைப் பார்க்கலாம்.

விட வேண்டும் என்று வருபவர்களுக்கு என்னால் முடிந்தது, அரசாங்கக் கிளினிக்கைக் காட்டுவது. புகைப்பதை விட உதவும் பிரிவு பல சுகாதாரக் கிளினிக்குகளில் இருக்கிறது. பையன்களை அனுப்புவது சுலபம். போவார்கள், போனதைக் கம்பத்தடியில் சொல்லவும் செய்வார்கள். அவர்களுக்குக் கஷ்டம் அதற்கு அப்புறம்தான்: சிகரெட்டை விட்டவன் கம்பத்தடிக்குப் போகலாமா கூடாதா? போகாவிட்டால் கூட்டாளி இல்லை, போனால் கை நீளும். ஒரு பையன் ஐஸ் மைலோ பாக்கெட்டை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு அங்கேயே நின்று பழகிவிட்டான். முதலில் கேலி செய்தார்கள். பிறகு அவனுக்குப் பக்கத்தில் ஊதாமல் தள்ளி நிற்க ஆரம்பித்தார்கள். எந்த மருந்தைவிடவும் அது அவனுக்கு உதவியது என்று நினைக்கிறேன்.

படிக்கட்டுப் பிள்ளைக்கு வேறு கணக்கு. விட வேண்டும் என்று அவளாகவே வந்து கேட்டாள். ஆய்வகத்தில் மூன்று மணி நேரம் தொடர்ந்து நின்றால் கை நடுங்குகிறதாம்.

"கிளினிக்ல பேர் எழுதணுமா அக்கா?"

"ஐசி காட்டணும்."

"பீடோங் கிளினிக்னா வேணாம். கவுண்டர்ல இருக்கறவங்க எங்க அம்மாவோட கோயில் கமிட்டி."

"அப்ப சுங்கைப்பட்டாணி போ."

"அங்க எங்க பெரியம்மா நர்ஸ்."

குரூண் என்றேன். அங்கே அண்ணனின் மாமனார் வீடு. போனில் பேசலாம், ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள் என்றேன். வீட்டில் அவளுக்குத் தனி அறை கிடையாது, தங்கச்சியோடு படுக்கிறாள். கடைசியில் சுங்கைப்பட்டாணியில் கொமூட்டர் ரயில் ஏறி அலோர்ஸ்டார் போவது என்று முடிவானது, லேப் இல்லாத செவ்வாய்க்கிழமை. வீட்டில் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள்.